கையை நீட்டிய நாள்

நமக்கு அகவை ஐம்பத்திரண்டு. காய்ச்சலென்று படுத்த நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆதலால், "நம்மை எந்த நோய் அணுகும்?" என்ற இறுமாப்பு நெஞ்சில் வேரூன்றியிருந்தது. "ஒருமுறை சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்களேன்" என்று துணைவியார் வேண்டும்போதெல்லாம், "அறுவடை முடியட்டும்", "பிள்ளையின் தேர்வு முடியட்டும்" என்று தவணை சொல்லி வந்தோம். உண்மையில் நேரமின்மை காரணமன்று, அச்சமே காரணம். சோதித்தால் ஏதேனும் தெரிந்துவிடுமோ என்று அஞ்சினோம்.

நம் தமையனாரும் இப்படித்தான் இருந்தார். ஐம்பத்து நான்காம் வயதில் ஒரு விடியற்காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன, பேச்சு நின்றது. இரத்த அழுத்தம் பல ஆண்டுகளாகவே உயர்ந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். அதைக் கண்ணாரக் கண்ட பின்னும் நாம் திருந்தவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ், நம் அன்னையாருக்கு மாத்திரை கொடுக்கப் பணிப்பெண் ஒருவர் மாதந்தோறும் இல்லம் வருவார். சென்ற ஆண்டு ஒரு நாள் அவர் நம்மைப் பார்த்து, "ஐயா, நீங்களும் கையை நீட்டுங்கள்" என்றார். அன்னையார் முன்னிலையில் மறுக்க நாணி நீட்டினோம். கருவி 168-க்கு 104 என்று காட்டிற்று. சற்று நேரம் அமரச் செய்து மீண்டும் பார்த்தார், பெரிய மாற்றமில்லை. தலைவலியில்லை, மயக்கமில்லை, அன்று காலையில் வரப்பு வெட்டிவிட்டுத்தான் வந்திருந்தோம்!

மறுநாள் வெறும் வயிற்றுடன் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்றோம். அழுத்தம் அங்கும் குறையவில்லை. இரத்தச் சர்க்கரை 142. வெறும் வயிற்றில் அது 126-ஐ எட்டினால் நீரிழிவு என்பர். மற்றொரு நாள் பார்த்தபோதும் அவ்வாறே இருந்தமையால் நோய் உறுதியாயிற்று.

"வலிக்கும்வரை காத்திருப்பதே ஆண்கள் செய்யும் தவறு. இவ்விரு நோய்களும் பெரும்பாலும் ஓசையின்றி வந்து இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் கண்ணையும் கெடுக்கும்" என்றார் மருத்துவ அம்மையார். முப்பது வயதைக் கடந்தோர் நலமாயிருப்பதாக எண்ணினாலும் அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 140-க்கு 90 என்ற அளவை எட்டினாலே மருத்துவரைக் காணவேண்டும். கொழுப்பின் அளவையும் அறிந்திருத்தல் நன்று. புகையிலை பழகியோர் வாயையும் காட்டவேண்டும் என்று எடுத்துரைத்தார். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும் என்பதையும், அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காப்பியும் புகையும் ஆகா என்பதையும் அன்றுதான் அறிந்தோம்.

ஓராண்டு கழிந்தது. ஊறுகாயும் கருவாடும் இலையைவிட்டு அகன்றன; மாலைதோறும் நடக்கிறோம்; மாத்திரை தவறுவதில்லை. அழுத்தம் இப்போது 130-க்குள் நிற்கிறது. நாம் வீரமென்று எண்ணியது வீரமன்று. நமக்கு வரவேண்டிய துன்பத்தை மனைவி மக்கள் தோளில் ஏற்றிவைக்கும் தன்னலமே அது.

மாலை நடையில் தமையனார் இல்லத்துக்குச் செல்கிறோம். அவருக்குப் பேச்சு இன்னும் திரும்பவில்லை. நம்மைக் கண்டதும் இடக்கையை வாயருகே கொண்டுபோய், மாத்திரை உண்டாயா என்று சைகையால் கேட்பார். உண்டோம் என்று தலையசைத்த பின்னரே அமரச் சொல்வார்.