ஒரு பவுண்டு குறைந்தால் கோப்பை கிடையாது!

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் டிப்யூ என்று ஓர் ஊர். சிகாகோவிலிருந்து தென்மேற்கே காரில் சுமார் இரண்டு மணி நேரம். வழி நெடுக மக்காச்சோளம், கொஞ்சம் சோயா, மறுபடி மக்காச்சோளம். 'இதற்குமேல் ஒன்றும் இல்லை, திரும்பிவிடலாம்' என்று தோன்றும் இடத்தில் ஊர் வருகிறது. ஜனத்தொகை இரண்டாயிரம்கூட இல்லை. பாதிக்கு மேல் மெக்ஸிகோ வழி வந்த குடும்பங்கள். ஊரை ஒட்டி இல்லினாய் நதியின் உபரித் தண்ணீர் தேங்கி நிற்கும் ஏரி. நம்மூர்க் கண்மாய் மாதிரி பழுப்பு நிறம். மற்ற நாட்களில் கொக்கும் தூண்டில்காரர்களும்தான் அதன் வாடிக்கையாளர்கள்.

ஆனால், 1980-களில் ஆரம்பித்து எத்தனையோ ஜூலை மாதக் கடைசிகளில் இந்த ஏரி அலறியிருக்கிறது. அவுட்போர்டு மோட்டார் படகுகளின் தேசிய சாம்பியன்ஷிப்! சில வருஷங்களுக்கு முன்னால் அப்படி ஒரு ஜூலையில் நானும் போயிருந்தேன்.

மோட்டார் படகு ரேஸ் என்றதும் ஜேம்ஸ்பாண்ட், வெள்ளைப் படகு, நீச்சல் உடைப் பெண்கள் என்றெல்லாம் கற்பனை ஓடுகிறதா? நிறுத்துங்கள். இந்தப் படகுகள் நம் வீட்டுக் கட்டிலைவிடக் கொஞ்சம் பெரிசு. ப்ளைவுட். உட்கார ஸீட் கிடையாது; பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் முடித்த மாதிரி முழங்காலிட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஒரு கையில் ஸ்டீயரிங், ஒரு கையில் த்ராட்டில். த்ராட்டில் பிடியை விட்டால் வேகம் தானாக அடங்கிவிடும். ஆள் தூக்கி எறியப்பட்டால் அவர் உடம்போடு கட்டியிருக்கும் கயிறு சுவிட்சை இழுத்து இன்ஜினை அணைத்துவிடும். ப்ரொப்பல்லர் கை காலை வெட்டாமல் இருக்கக் கெவ்லார் துணியில் உடை. பெரிய வகுப்பில் மணிக்கு 100 மைலைத் தாண்டுகிறார்கள். முழங்காலில் நின்று 100 மைல்! எனக்கு மாடி பஸ் முன் ஸீட்டிலேயே அடிவயிறு கலங்கும்.

என்னை அங்கே அழைத்துப் போனவர், ஆபீஸில் எனக்கு இரண்டு ஸீட் தள்ளி உட்காரும் அமெரிக்கர். வாரத்தில் ஐந்து நாள் மற்றவர்களின் செலவுக் கணக்கில் சிவப்புப் பேனாவால் சுழிக்கிற உத்தியோகம். சனி, ஞாயிறில் படகு ஓட்டுவார். ஓட்டாத சனி, ஞாயிறில் இன்ஜின் சோதிக்கும் இன்ஸ்பெக்டருக்குக் கையாள். பெயர் எதற்கு? ஆடிட்டர் என்றே வைத்துக்கொள்வோம்.

மக்காச்சோளத்துக்கு நடுவே ஆடிட்டர் எனக்குப் பாடம் நடத்தினார். இந்தப் பந்தயங்களைக் கட்டி மேய்ப்பது அமெரிக்கன் பவர் போட் அஸோஸியேஷன். 1903-ல் ஆரம்பித்த சங்கம். சின்ன அவுட்போர்டுகளில் மட்டும் வகுப்புகள் டஜன் கணக்கில். ஆனால் சாரம் மூன்றுதான். முதலாவது ஸ்டாக்: ஷோரூமிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 எப்படி இருந்ததோ அப்படியே ஓட்ட வேண்டும். இரண்டாவது மாடிஃபைடு: புதுப்பேட்டை மெக்கானிக்கிடம் விட்டுக் கொஞ்சம் அரம் போட்டுக்கொள்ளலாம். மூன்றாவது: இன்ஜின் இத்தனை ஸி.ஸி-க்கு மேல் போகக்கூடாது, மற்றபடி உன் சாமர்த்தியம். இதில் பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால் குடிக்கும் இன்ஜின்கள். டிப்யூவில் நடப்பது இந்த மூன்றாவது ரகம். இதற்குப் பெயர் 'ப்ரொஃபஷனல் ரேஸிங் அவுட்போர்டு'.

"ப்ரொஃபஷனல்னா சம்பளம் வருமா?"

ஆடிட்டர் சிரித்த சிரிப்பில் கார் கோட்டைத் தாண்டியது. "லீவு என்னுது, ஓட்டல் பில் என்னுது, உடையற ப்ரொப்பல்லர் என்னுது. ஜெயிச்சா கிடைக்கிறது வந்து போற பெட்ரோலுக்குக் காணாது. சுவத்துல மாட்ட ஒரு பலகை தருவாங்க."

"அப்புறம் எதுக்கு இத்தனை சட்டம், சோதனை? பணமே இல்லாத இடத்துல எவன் திருடப் போறான்?"

"நம்ம ஆபீஸ்ல பேனாவை யார் எடுத்துட்டுப் போறாங்க? பேனா வாங்க வக்கில்லாதவனா?"

வாயை மூடிக்கொண்டேன்.

ஸ்டாக் வகுப்பில் எப்படியெல்லாம் கை வைப்பார்கள் என்று சொன்னார். ஸிலிண்டரில் காற்று புகும் துவாரத்தைத் தலைமுடி அகலம் பெரிதாக்கினால் போதும். நேர்கோட்டில் ஒரு படகு நீளம் முன்னால் வந்துவிடலாம். துவாரத்தை மெருகேற்றுவது, பெட்ரோலில் 'விபூதி' கலப்பது, ஃப்ளைவீலை இளைக்க வைப்பது... நம் ஆபீஸ் டி.ஏ. பில் போடுகிறவர்களிடம் இல்லாத கற்பனை வளம். அதனால்தான் ஸ்டாக் சட்டத்தின் அடிப்படை ஒரே வரி: செய்யலாம் என்று புத்தகத்தில் போட்டிருந்தால் செய்யலாம், போடவில்லை என்றால் கூடாது. 'கூடாதுன்னு எங்கே ஸார் எழுதியிருக்கு?' என்கிற நம்முடைய தேசியக் கேள்விக்கு அங்கே வேலையே இல்லை!

இதற்கு ஜப்பான்காரர்கள் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அங்கே 1952-லிருந்து அரசாங்கச் சட்டப்படியே மோட்டார் படகு ரேஸும் அதன்மேல் பெட்டிங்கும் நடக்கிறது. ஆறு படகு, எல்லோருக்கும் ஒரே யமாட்டோ மோட்டார். யாருக்கு எந்த மோட்டார் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். ரேஸ் நாட்களில் ஓட்டுபவர்கள் வெளியே போக முடியாது. செல்போனையும் ஒப்படைத்துவிட வேண்டும். பூஜ்யம் அடித்து ஒரு விநாடிக்குள் கோட்டைத் தாண்ட வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் அந்தப் படகின்மேல் கட்டிய பணம் வாபஸ், ஓட்டியவருக்குத் தண்டனை. அப்படி ஓடி ஓய்வு பெற்ற யமாட்டோ மோட்டார்கள் கப்பலேறி அமெரிக்கா வந்து, ஆடிட்டர் மாதிரி ஆட்களின் கராஜில் இரண்டாம் வாழ்க்கை வாழ்கின்றன. "அங்கே யாரையும் நம்ப மாட்டாங்க, அதனால சுலபம். இங்கே எல்லாரும் சிநேகிதங்க. அதான் கஷ்டம்" என்றார்.

ஏரிக்கரையில் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது மணி. நூற்றுக்கணக்கான வண்டிகள், கூடாரங்கள், தாத்தா பாட்டி, நாய், குழந்தை. மெத்தனாலும் எண்ணெயும் எரிகிற ஒரு வாசனை. நம்மூர் ஸ்பிரிட் அடுப்பில் யாரோ வடை சுடுகிற மாதிரி. சத்தத்தைப் பற்றி எழுத எனக்குத் திறமை போதாது. நூறு தையல் மெஷினும் ஒரு மரமில்லும் ஒன்றாகக் கோபித்துக்கொண்டால் எப்படியோ, அப்படி.

ஸ்டார்ட் வேடிக்கையானது. வரிசையாக நிற்க வைத்துத் துப்பாக்கி வெடிப்பதெல்லாம் இல்லை. கரையில் ராட்சசக் கடிகாரம். படகுகள் ஏரியில் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசி ஒரு நிமிஷம் ஓட, ஓட, எல்லோரும் முழு வேகத்தில் கோட்டை நோக்கிப் பாய்வார்கள். முள் பூஜ்யத்தைத் தொடும் கணத்தில் கோட்டில் இருப்பவன் கெட்டிக்காரன். ஒரு சாண் முன்னால் இருந்தால் அவுட். வளைவுகள் எல்லாம் இடது பக்கம்தான். முதலில் வந்தால் 400 பாயின்ட், பிறகு 300, 225, 169, 127... ஒவ்வொன்றும் முன்னதில் முக்கால். ஒரு சுற்றில் அவுட் ஆனால் அடுத்த சுற்றில் எப்படி ஓட்டினாலும் ஈடுகட்டுவது கஷ்டம்.

மத்தியானம் மரத்தடியில் ஸாண்ட்விச் சாப்பிடும்போதுதான் ஆடிட்டர் தன் பெண்ணைப் பற்றிச் சொன்னார். பதினொரு வயசு. சற்றுத் தள்ளி நாயோடு விளையாடிக்கொண்டிருந்தாள். 9 வயதிலிருந்து 15 வரை ஜூனியர் வகுப்பு உண்டு. இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குறைக்க ஒரு தகட்டை நடுவில் வைத்து வேகத்தை அடக்கிவிடுவார்கள். போன சீசனில், விஸ்கான்சினில் ஓர் ஏரியில் அந்தப் பெண் முதன்முதலாக முதலிடம் வந்திருக்கிறாள். கரைக்கு வந்ததும் எடை. படகு, மோட்டார், ஹெல்மெட், ஓட்டியவர் எல்லாம் சேர்த்து இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று கணக்கு. எடை குறைந்த படகு வேகமாகப் போகும் என்பதால், ஒல்லியான பிள்ளைகளின் படகில் ஈயக்கட்டியை போல்ட் போட்டுப் பொருத்தியிருப்பார்கள்.

அன்று தராசில் எண்ணைப் படிக்கிற வேலை ஆடிட்டருக்கு.

"ஒரு பவுண்டு குறைஞ்சுது" என்றார். "காலையில பயத்துல அவ சாப்பிடவே இல்லை. எனக்குத் தெரியாது. நான் அவ சாப்பாட்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருந்தேன்."

"யாராவது பார்த்தாங்களா?"

"இன்ஸ்பெக்டர் பக்கத்துலதான் நின்னார். இருபது வருஷப் பழக்கம். எண்ணைப் பார்த்தார், உடனே திரும்பி ஏரியைப் பார்க்க ஆரம்பிச்சுட்டார். நான் என்ன சொல்றேனோ அதை எழுதிப்பார்னு தெரிஞ்சுது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இருந்த எண்ணைச் சொன்னேன். கொஞ்சம் சத்தமா."

மூன்று மணி நேரக் கார் பயணத்தில் பெண் ஒரு வார்த்தை பேசவில்லையாம். மனைவி இரண்டு நாள். அடுத்த ரேஸில் ஐந்து பவுண்டு ஈயம் கூடுதலாகக் கட்டினார், ஏழாவது வந்தாள். "அப்பா, வெயிட் கரெக்டா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாளாம். குத்தலா, நிஜமா என்று இவருக்கு இன்னும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, சொல்லவில்லை.

அந்த மரத்தடியிலிருந்து ஒரு பக்கம் ஏரி தெரிந்தது. ஊர்ப் பக்கம் திரும்பினால் கரிய மேடு. மலை என்று நினைத்தேன். இல்லை, கசடு. 1900-களின் தொடக்கத்தில் இங்கே துத்தநாகம் உருக்கும் ஆலை வந்தது. பிறகு உரத் தொழிற்சாலையும் சேர்ந்துகொண்டது. பல தலைமுறைக்கு வேலை தந்தது, பிறகு மூடிக்கொண்டு போய்விட்டது. ஈயம், காட்மியம், ஆர்ஸெனிக், துத்தநாகம் எல்லாம் ஊர் மண்ணிலும் ஏரியின் அடி வண்டலிலும் தங்கிவிட்டன. 1999-ல் மத்திய அரசின் சூப்பர்ஃபண்ட், அதாவது மோசமாக நஞ்சேறிய இடங்கள் பட்டியலில் டிப்யூ ஏறியது. பட்டியலில் ஏறினால் அடுத்த மாதமே மண்வெட்டி வரும் என்று நினைத்தீர்களானால் நீங்கள் சர்க்கார் ஆபீஸ் பக்கமே போனதில்லை என்று அர்த்தம். ஆய்வு, அறிக்கை, ஆய்வுக்கு ஆய்வு என்று வருஷங்கள் ஓடின. வீட்டுத் தோட்டத்து மண்ணை வழித்தெடுக்கவே பல வருஷம் காத்திருந்தார்கள். போதாததற்கு, ஏரியில் வண்டல் படிந்து ஆழமும் குறைந்துகொண்டே வருகிறது.

ஒரு பவுண்டுக்கு ஒரு சின்னப் பெண்ணின் கோப்பை போனது. இந்த மேட்டை எந்தத் தராசில் வைப்பது? ஆடிட்டரிடம் கேட்டேன். "அது என் வகுப்பு இல்லை" என்றார். இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்கும் பிடிக்கவில்லை என்பது, பாதி ஸாண்ட்விச்சை நாய்க்குப் போட்டதில் தெரிந்தது.

சாயங்காலம் ஒரு ஃபைனல் முடிந்ததும் இன்ஸ்பெக்‌ஷன் கூடாரத்துக்குக் கூட்டிப் போனார். ரேஸைவிட இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜெயித்தவர் தன் இன்ஜினைத் தானே கழற்ற வேண்டும். இன்ஸ்பெக்டர் அளக்க மட்டும்தான் செய்வார். இன்ஸ்பெக்டர் ஒரு பழைய படகோட்டி. வயசு எழுபதுக்கு மேல். நாற்பது வருஷ இன்ஜின் சத்தத்தில் காது போய்விட்டது. எனவே சிபாரிசு எதுவும் அவர் காதில் விழ வாய்ப்பில்லை!

இரண்டாவதாக வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். 'அந்த இன்ஜின் அந்த வேகம் போக முடியாது' என்று அவர் எழுத்து மூலம் புகார் கொடுத்து, முன்பணமும் கட்டியிருந்தார். புகார் நிரூபணமானால் பணம் திரும்பும், இல்லாவிட்டால் போச்சு. இருவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள், முந்தின நாள் ராத்திரி ஒரே அடுப்பில் கறி சுட்டுத் தின்றவர்கள் என்று ஆடிட்டர் என் காதைக் கடித்தார்.

ஸிலிண்டரின் உள்வட்டத்தை அளந்தார் கிழவர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை அளந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார். எரிபொருளை ஒரு குழாயில் ஊற்றி வெளிச்சத்தில் பார்த்தார். முப்பது பேர் நிற்கிற கூடாரத்தில் கொசு பாடுவது கேட்டது. ஜெயித்தவரின் மனைவி வெளியே தனியாக உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லீகல்" என்றார் கிழவர். அவ்வளவுதான். கைதட்டல் கிடையாது, கைகுலுக்கல் கிடையாது. கிழவர் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த இன்ஜினுக்குப் போனார். புகார் கொடுத்தவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். தன் வண்டிக்குப் போய் ஒரு டார்ச்சும் ஸ்பானர் செட்டும் எடுத்து வந்து, எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் பேசாமல் இன்ஜினைத் திருப்பிப் பூட்ட ஆரம்பித்தார்கள். ஆடிட்டரின் பெண் போல்ட் தட்டை ஏந்தி, கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

கடைசியில் ஒரு போல்ட் குறைந்தது.

நான், ஆடிட்டர், பெண், ஜெயித்தவர், தோற்றவர், தோற்றவரின் மச்சான் எல்லோரும் டிப்யூ புல்தரையில் மண்டியிட்டு டார்ச் அடித்துத் தேடினோம். கால் மணி நேரம் ஆயிற்று. நாய் படுத்திருந்த இடத்தில் கிடந்தது.