கண் மட்டம்

கிரகப்பிரவேசங்களில் சாப்பாட்டுக்கு அடுத்தபடியாக நான் கவனிப்பது டிவியை. பெரும்பாலான வீடுகளில் அது சாமி படத்தின் உயரத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

ஏன் இத்தனை உயரம் என்று கேட்டுப் பாருங்கள். 'அங்கேதான் சார் பிளக் பாயிண்ட் இருந்தது' என்பார்கள். அதாவது உயரத்தை நிச்சயித்தது உங்கள் கண் இல்லை. கட்டடம் எழும்பும்போது வந்து, சுவரைக் கொத்தி, ஐந்தடியில் ஒரு பெட்டியைப் புதைத்துவிட்டுப் போன எலெக்ட்ரீஷியன். அவர் நின்றுகொண்டு வேலை செய்தார். நீங்களோ உட்கார்ந்து பார்க்கப் போகிறீர்கள்.

இன்னொரு காரணம் பழக்கதோஷம். டீக்கடை, சலூன், ஆஸ்பத்திரி வராந்தா எங்கேயும் டிவி மேலேதான். அங்கே அது நியாயம். முன்னால் நிற்பவர் தலை மறைக்கக் கூடாது, யாரும் கைவைக்கக் கூடாது. ஒரு டீ குடிக்கிற நேரம் ஸ்கோர் பார்ப்பவருக்குக் கழுத்து வலிக்காது. வீட்டில் ஏழிலிருந்து பத்து வரை பார்ப்பவருக்கு வலிக்கும்.

பழைய குண்டு டிவிக்கு இந்த வம்பு இல்லை. கனம் காரணமாக ஸ்டாண்டில் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. மெலிந்ததும்தான் சுவரேறியது.

கணக்கு எளிது. சோபாவில் உட்கார்ந்தால் தரையிலிருந்து கண் ஏறக்குறைய 42 அங்குலம். திரையின் நடுப்பகுதி அந்த மட்டத்திலோ சற்று மேலேயோ வரவேண்டும். 43 அங்குல டிவி என்பது மூலைக்கு மூலை அளவு. அதன் உயரம் 21 அங்குலம்தான். ஆக, அடி விளிம்பு 32 அங்குலத்தில் நிற்கும். 55 அங்குலம் என்றால் உயரம் 27, அடி விளிம்பு 28, 29. பாய் விரித்துப் பார்க்கிற வீடா? கண் மட்டம் இரண்டரை அடிதான், இன்னும் இறக்குங்கள். படுத்துப் பார்க்கும் பெட்ரூமில் மட்டும், முன்பக்கம் சாயும் பிராக்கெட் போட்டு ஏற்றிக்கொள்ளலாம்.

அண்ணாந்து பார்த்தால் கழுத்து மட்டும் இல்லை, கண்ணும் கஷ்டப்படும். இமை அகலத் திறப்பதால் கண்ணீர் சீக்கிரம் காய்ந்து எரிச்சல் வரும். பைஃபோகல் போட்டவர் தலையைப் பின்னால் சாய்த்தால் படிப்பதற்கான கீழ்ப்பாதி வழியாகப் பார்ப்பார், படம் மங்கும்.

இப்போது காது. தாழ்ந்த ஒலி, அதாவது தபேலாவின் 'தும்', அறை முழுக்கப் பரவும். அதனால் சப்வூஃபரைத் தரையில் வைத்தாலும் பாதகமில்லை. உயர்ந்த ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி. நீட்டிய திசையில்தான் பலமாகப் போகும். ச, ஸ, த, ப போன்ற எழுத்துக்களை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் இந்த உயர்ந்த ஒலிதான். வயதானால் முதலில் குறைவதும் அதைக் கேட்கும் திறன்தான். மெல்லிய டிவிகள் பலவற்றில் ஸ்பீக்கர் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ இருக்கிறது. தனி ஸ்பீக்கர் வாங்கி பரணுக்குப் பக்கத்தில் மாட்டினால், வசனம் ஃபேனுக்குத்தான் தெளிவாகக் கேட்கும். முன்பக்க ஸ்பீக்கர்களில் ட்வீட்டர் என்கிற அந்தச் சின்ன வட்டம், உட்கார்ந்தவரின் காது மட்டத்தில் இருக்கவேண்டும். பக்கவாட்டு சரவுண்ட் ஸ்பீக்கர்கள் மட்டும் சற்று மேலே போகலாம்.

நங்கநல்லூரில் ஒரு நண்பரின் அம்மா. எண்பது தாண்டியவர். ராத்திரி சீரியலை விடாமல் பார்த்தவர், புது வீட்டுக்கு வந்த சில மாதங்களில் எட்டு மணிக்கே படுக்கப் போய்விடுவார். கேட்டால் 'கதை போரடிக்கிறதுப்பா' என்பார். அதற்கு முன் 'என்ன சொன்னான்?' என்று வசனத்துக்கு வசனம் கேட்டுக்கொண்டிருந்தார். பேரன் 'அப்பறம் சொல்றேன் பாட்டி' என்பான். அந்த 'அப்பறம்' வந்ததே இல்லை. கொஞ்ச நாளில் கேட்பதை நிறுத்திவிட்டார்.

நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியை ஒன்றரை அடி இறக்கினார். அதன் கீழே ஒரு சவுண்ட் பார் வைத்தார். அம்மாவுக்குக் காது புதிதாக முளைத்துவிடவில்லை. 'என்ன சொன்னான்?' பாதியாகக் குறைந்தது. மறுபடி ஒன்பதரை வரை உட்காருகிறார். 'கதை தேவலையாயிடுத்து' என்கிறார்.

எனவே இன்ச் டேப்பை உங்கள் கண்ணிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். வீட்டில் அதிக நேரம் டிவி பார்ப்பவரை அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்காரவைத்து அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் அவரிடம்தான் யாரும் அபிப்பிராயம் கேட்டிருக்க மாட்டார்கள். டிவி அளவுக்குப் பழைய பேப்பரை வெட்டி, செலோ டேப்பால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் பாருங்கள். அப்புறம் துளை போடலாம்.

மாட்ட வருகிற ஆள் 'இவ்ளோ கீழயா சார்?' என்று சந்தேகப்படுவார். விவாதம் வேண்டாம். ஒரு காபி கொடுத்து சோபாவில் உட்காரச் சொல்லுங்கள், போதும்.