மாட்டுக்கு ஒரு மழை, மனிதருக்கு ஒரு மழை

தென் ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியிலிருந்து கிழக்கே வில்லியம் கிரீக் வரை 160 கிலோமீட்டருக்கு மேல் மண்சாலை. வழியில் நாய்வேலியைத் தாண்டினோம். தெற்கேயுள்ள ஆட்டுப் பண்ணைகளை டிங்கோ நாய்களிடமிருந்து காக்கும் வேலி அது. அன்னா கிரீக் பண்ணை இருப்பதோ நாய்கள் திரியும் பக்கம். 1863-இல் ஆடுகளோடு தொடங்கிய பண்ணை மாட்டுக்கு மாறியது அதனால்தான்.

பரப்பு ஏறத்தாழ 15,700 சதுர கிலோமீட்டர்; உலகின் மிகப் பெரிய மாட்டுப் பண்ணைகளில் ஒன்று. ஆனால் வெகுநேரம் ஓட்டியும் மாடே தென்படவில்லை. கடைசியில் ஒரு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித்தான் மந்தையைப் பார்த்தேன். தொட்டியருகே புழுதி, விலக விலகத்தான் புல். தண்ணீரைவிட்டு மாடு எவ்வளவு தூரம் நடக்குமோ அவ்வளவுதான் மேய்ச்சல் நிலம். மற்றதெல்லாம் வரைபடத்தில் மட்டுமே பண்ணை. இந்த வட்டாரத்துக்கு ஆதாரம் நிலத்தடியில் பரந்து கிடக்கும் மகா ஆர்ட்டீசியன் நீர்ப்படுகை. துளையிட்டால் பல இடங்களில் நீர் தானே பொங்கும், சூடாகவே. ஒருகாலத்தில் வாய்க்காலில் ஓடி ஆவியான நீரை இப்போது துளையின் வாயை மூடிக் குழாயில் கொண்டுபோகிறார்கள். இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடித்தது. நீர் இருந்தும் மழை பொய்த்தால் புல் இல்லை. 2008 வறட்சியில் மந்தையை 2,000-க்கும் கீழே குறைக்க வேண்டி வந்தது.

வில்லியம் கிரீக்கில் நிரந்தரவாசிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஒரு விடுதி, ஒரு விமானத் தளம். சிறு விமானத்தில் ஏறியதும் பண்ணையின் இன்னொரு செல்வம் தெரிந்தது. காவி, மஞ்சள், வெள்ளை எனப் படிவு படிவாக வண்ண மலைகள். கிழக்கே காட்டி தண்டா எனப்படும் ஐர் ஏரி, கடல் மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே. ஏரியைப் பெரிதாக நிரப்புவது இங்கே பெய்யும் மழை அல்ல. குயின்ஸ்லாந்தில் பெய்த மழை டயமன்டினா, கூப்பர் ஆறுகள் வழியே வாரக்கணக்கில் ஊர்ந்து வருகிறது. பண்ணை காய்ந்து கிடக்கும் ஆண்டிலும் ஏரியில் வெள்ளம் வரலாம், பயணிகள் குவியலாம். மாட்டு வருமானமும் சுற்றுலா வருமானமும் ஒரே மழையை நம்பியிருக்க வேண்டியதில்லை என்பதே இந்த இடத்தின் பெரிய பலம்.

அதற்காக மேய்ச்சல் வெளியில் விடுதிகள் முளைக்க வேண்டாம். தண்ணீருக்கு மாட்டோடு போட்டி. ஈரமான மண்சாலையில் ஒரு வண்டி போனாலும் ஆழமான தடம். வானிலிருந்து பார்ப்பதே நல்லது. இது அரபானா மக்களின் பூமி. 2012-இல் நீதிமன்றம் அவர்கள் உரிமையை ஏற்றது. புனிதமான ஏரிப்படுகையில் கால் வைக்காதீர்கள் என்று அவர்கள் கேட்கிறார்கள். சுற்றுலாத் திட்டம் போடுபவர்கள் முதலில் அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.