ராமேஸ்வரத்தில் ஒரு கையெழுத்து

அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த காலத்தில் எத்தனையோ படிவங்களை வாங்கிச் சரிபார்த்து மேலே அனுப்பியிருக்கிறேன். அவற்றில் ஒன்றும் இப்போது நினைவில் இல்லை. நினைவில் நிற்பது நான் கையெழுத்துப் போடாத ஒரு படிவம்தான்.

1990-ல் என் மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் ராமேஸ்வரம் சுற்றுலா ஏற்பாடு செய்திருந்தார்கள். பாம்பன் சாலைப் பாலம் திறந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கடலுக்கு மேல் பஸ்ஸிலேயே போகலாம் என்று பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். பெற்றோர் சம்மதக் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். முடியாது என்றேன். அவள் அழவில்லை. தாளை நாலாக மடித்து ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கும் ஒரு காரணம் இருந்தது. 1964 டிசம்பரில் நான் புதுச்சேரியில் படித்துக்கொண்டிருந்தேன். 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைப் புயல் வாரிக்கொண்டு போனது. பாம்பனிலிருந்து கிளம்பிய ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குள் போய்விட்டது. எங்கள் தெருவிலிருந்து யாத்திரை போயிருந்த ஒருவர் திரும்பி வரவே இல்லை. அவருடைய மனைவி தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்பதை, பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் பார்ப்பேன். அதற்குப் பிறகு ராமேஸ்வரம் என்றால் எனக்குக் கோயில் ஞாபகம் வராது, அந்த வாசல்தான் வரும்.

இது நடந்து முப்பத்தைந்து வருடம் கழித்து, போன வைகாசியில், மகளும் பேத்தியும் திருச்சியிலிருந்து செந்துறைக்கு வந்தார்கள். பேத்திக்குப் பதினேழு வயது, பிளஸ் டூ முடித்திருந்தாள். செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். இடுப்பில் பட்டை கட்டிய ஒரு பெண், காலடியில் ஒரு பலகை, தலைக்கு மேலே பெரிய பட்டம். பட்டம் இழுக்க, அவள் தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறாள். "இது கைட் சர்ஃபிங் தாத்தா. ராமேஸ்வரத்துல கத்துக் குடுக்கறாங்க" என்றாள். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குக் காப்பாளர் கையெழுத்து வேண்டுமாம். மகள் அந்தப் படிவத்தை என் பக்கம் நகர்த்தினாள். "நீங்க போடுங்கப்பா. நீங்க வேணாம்னா அவ போகல." அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்கு இல்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு, இது என்ன விளையாட்டு என்று தேடிப் படித்தேன்.

நம்ம ஊரில் பட்டம் தெரியாதவர் உண்டா? ஆடிக் காற்று கிளம்பினால் ஏரிக்கரையில் செய்தித்தாள், ஈர்க்குச்சி, சோற்றுப் பருக்கை, வாலுக்கு ஒரு கிழிந்த வேட்டித் துண்டு. கடல்தான் நமக்குப் பழக்கமில்லை. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லில் கிடக்கும் சிப்பிகளைப் பார்த்தால் இங்கேயும் ஒரு காலத்தில் கடல் இருந்தது தெரியும். ஆனால் அது கோடிக்கணக்கான வருடங்களுக்கு முந்தைய கதை.

பள்ளியில் எனக்குப் பிரெஞ்சு வழிப் படிப்பு. பட்டத்துக்கு அந்த மொழியில் 'செர் வொலான்', அதாவது 'பறக்கும் மான்' என்று பெயர். காகிதத்துக்கும் மானுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது யோசித்ததுண்டு. இப்போது படித்ததில், தண்ணீரில் விழுந்தாலும் மறுபடி எழும்பக்கூடிய பட்டத்தைக் கண்டுபிடித்தவர்களும் பிரான்ஸின் பிரித்தானிப் பகுதியைச் சேர்ந்த புரூனோ, தொமினிக் லெகேன்யூ என்ற சகோதரர்கள் என்று தெரிந்தது. பட்டத்தின் முன்விளிம்பைச் சைக்கிள் டியூப் மாதிரி காற்றடைத்து வைத்தார்கள். அதனால் அது முழுகாது. 1984-ல் அதற்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இதற்கும் போட்டி நடந்தது.

படித்ததில் பாதி பயம் போயிற்று. மீதிக்கு, "நேர்ல பாத்துட்டுத்தான் போடுவேன்" என்றேன். மூன்று பேரும் கிளம்பினோம். எழுபத்தைந்து வயதை நெருங்கும்போதுதான் முதல் தடவையாகப் பாம்பனைத் தாண்டினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகள் பாலம் முடியும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

ராமேஸ்வரத்துக்காரர்கள் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும், பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் சொல்கிறார்கள். நடுவில் ஒடுங்கிய நிலம். பயிற்சி நடந்த இடம் திறந்த கடல் இல்லை, மணல்திட்டுக்குப் பின்னால் ஒதுங்கிய ஒரு கழி. தென்மேற்குக் காற்று திட்டைத் தாண்டி வந்துவிடுகிறது. அலைதான் தாண்ட முடியாமல் அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. தண்ணீர் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில்தான்.

கற்றுக்கொடுத்த பையன் அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவன். நான் எழுதி வைத்திருந்த மூன்று கேள்விகளையும் கேட்டேன்.

காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடித்தால்? "அப்படி அடிச்சா எறங்கவே விடமாட்டோம் தாத்தா. இங்க என்ன ஆனாலும் எதிர்க்கரையிலதான் போய் ஒதுங்குவாங்க."

பட்டம் அடங்காமல் இழுத்தால்? இடுப்புப் பட்டைக்கு முன்னால் இருந்த சிவப்புப் பிடியைக் காட்டினான். அதைத் தள்ளினால் பட்டம் இழுவையை இழந்து தொய்ந்து விழுந்துவிடும்.

காற்று போதாவிட்டால்? அன்றைக்கு மந்தமான காற்றுதான். பத்து நாட் இருக்கும் என்றான், மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர். காற்றின் வேகம் பாதியானால் இழுவை பாதியாகக் குறைவதில்லை, கால்வாசியாகிவிடுகிறது. அதனால் மந்தக் காற்றுக்குப் பெரிய பட்டம், அகலமான பலகை. "அதையும் சும்மா நிறுத்தி வெச்சா இழுக்காது தாத்தா. எட்டு போடற மாதிரி ஓட்டணும். ஓட ஓட அதுக்குன்னு தனியாக் காத்து கெடைக்கும்."

படிவத்தை வாங்கி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் கரையில் சின்னப் பட்டத்தோடு பழக்கினார்கள். இரண்டாம் நாள் பலகை இல்லாமல், பட்டம் இழுக்கிற பக்கம் உடம்பால் தண்ணீரில் போகும் பயிற்சி. மந்தக் காற்றில் விழுந்த பட்டத்தை மறுபடி எழுப்புவது லேசில்லை. எத்தனை தடவை விழுந்தாள் என்று எண்ணத் தொடங்கி, இருபதோடு விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் பலகையில் எழுந்து நின்றாள். எங்கள் வீட்டுத் திண்ணை நீளம்கூடப் போயிருக்க மாட்டாள், விழுந்துவிட்டாள். எழுந்து எங்களைப் பார்த்துக் கையாட்டினாள்.

கீற்றுக் கொட்டகையில் என் பக்கத்தில் இருந்த மகளைக் காணோம். பையனிடம் போய் இன்னொரு படிவம் வாங்கி வந்திருந்தாள். கரையில் சின்னப் பட்டம் பிடிக்கும் முதல் பாடத்துக்குத் தன் பெயரை எழுதியிருந்தாள். காப்பாளர் கையெழுத்து என்ற இடத்தில் விரலை வைத்து, "இதுலயும் போடுங்கப்பா" என்றாள்.

ஐம்பது வயதை நெருங்குகிறவளுக்கு அப்பா கையெழுத்து எதற்கு? கேட்கவில்லை. பேனாவைத் திறந்து போட்டேன். கை கொஞ்சம் நடுங்கியதால் எழுத்து கோணலாக விழுந்தது. அவள் தாளைப் பையனிடம் கொடுத்துவிட்டு, சுடிதாரை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, முதலில் தண்ணீருக்குள் இறங்கிப் பேத்தி நின்ற பக்கம் நடந்தாள்.