லூயிஸின் கடைசி இரவு

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். கல்லூரி மன்றத்தில் நீ பேசப்போகும் 'லூயிஸைக் கொன்றது யார்?' என்ற தலைப்புதான் என்னை உறுத்துகிறது. அமெரிக்கப் பயணி மெரிவெதர் லூயிஸை யாரும் கொல்லவில்லை என்றே நான் நம்புகிறேன்.

தோழர் கிளார்க்கோடு பசிபிக் கடல்வரை போய் 1806இல் திரும்பியவரை நாடே கொண்டாடியது. அதிபர் ஜெபர்சன் அவரை மேல் லூசியானாவின் ஆளுநராக்கினார். சரிவு அங்கே தொடங்கியது. அரசுக்காக அவர் கையெழுத்திட்ட செலவு பில்கள் சிலவற்றை வாஷிங்டன் ஏற்கவில்லை. கடன்காரர்கள் நெருக்கினார்கள். ஊரே எதிர்பார்த்த பயண நூலில் ஒரு பக்கம்கூட அச்சுக்குப் போகவில்லை. நேரில் போய்க் கணக்குச் சொல்ல 1809 செப்டம்பரில் செயின்ட் லூயிஸிலிருந்து படகில் புறப்பட்டார். படகிலேயே இருமுறை உயிரைவிடப் பார்த்தார் என்று படகுக்காரர்கள் சொன்னதாக, அவரைச் சில நாள் காவலில் வைத்துக் கவனித்த பிக்கரிங் கோட்டை அதிகாரி கில்பர்ட் ரஸ்ஸல் எழுதியிருக்கிறார். இதை நீ எப்படி விட்டாய்?

அக்டோபர் 10ஆம் தேதி இரவு டென்னசியில், நாட்செஸ் டிரேஸ் காட்டுப்பாதையில், கிரைண்டர் என்பவர் வீட்டில் தங்கினார். வீட்டுக்காரர் வெளியூரில். கூட வந்த ஜேம்ஸ் நீலி, தொலைந்த குதிரைகளைத் தேடப் பின்தங்கிவிட்டார். லூயிஸ் தனக்குத்தானே பேசியபடி அறையில் வெகுநேரம் நடந்தார். பிறகு வேட்டுச் சத்தம். அடிபட்டவர் தண்ணீர் கேட்டு வந்தும், திருமதி கிரைண்டர் பயத்தில் கதவைத் திறக்கவில்லை. விடிந்து சற்று நேரத்தில் உயிர் போயிற்று. 35 வயது, தம்பி! ஒரு வாய்த் தண்ணீருக்குக் கெஞ்ச நேர்ந்தது.

திருமதி கிரைண்டர் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாகச் சொன்னது உண்மை. சுமார் 30 ஆண்டு கழித்து, மூன்று பேர் வந்தார்கள் என்றும் சொன்னார். 1848இல் கல்லறையைத் திறந்த குழுவும் கொலையாக இருக்கலாம் என்றுதான் எழுதியது. சான்று ஒன்றும் காட்டவில்லை. மறுபடி தோண்டிப் பார்க்க உறவினர்கள் கேட்டதற்கு, தேசியப் பூங்கா நிர்வாகம் 2010இல் முடிவாக மறுத்துவிட்டது.

அவரை அருகிருந்து அறிந்தவர்கள் இருவர். சாவுச் செய்தி கேட்டதுமே கிளார்க், மனச்சுமை அவரை வென்றுவிட்டதோ என்ற அச்சத்தைத் தன் அண்ணனுக்கு எழுதினார். லூயிஸுக்கு மனச்சோர்வு வெகுநாளாகவே உண்டு என்று ஜெபர்சன் 1813இல் எழுதினார். எனக்கு இந்த இரண்டு சாட்சியும் போதும்.

அத்தனை மலைகளைக் கடந்தவர் அப்படிச் சாவாரா என்று கேட்கிறாய். நோயும் கடனும் அவமானமும் சேர்ந்தால் எந்த வீரனும் தளர்வான். கொலை என்றால்தான் அவர் பெருமை நிற்கும் என்பவர்கள், அவர் பட்ட வேதனையை மறைக்கிறார்கள்.

பேசுவதற்கு முன் கிளார்க்கின் அந்தக் கடிதத்தை முழுதாகப் படி. படித்துவிட்டுத் தலைப்பை மாற்று.

அன்புடன்,
அக்கா