தகரக் கொட்டகையும் ஐந்து கம்பி யாகியும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பழைய மாணவன் ஒருவன் இப்போது கிராமப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறான். அவன் வகுப்புப் பிள்ளைகள் அலுமினியக் கம்பியும் பிவிசி குழாயும் வைத்து, அமெச்சூர் செயற்கைக்கோள்களைக் கேட்பதற்காக 435 மெகாஹெர்ட்ஸ் யாகி ஆன்டெனா செய்திருந்தார்கள். "சார், பின்பக்கமும் நல்லா வாங்குது. தப்பாப் பண்ணிட்டோம் போல, பிரிச்சுடவா?" என்று போன். அளக்காமல் பிரிக்காதேப்பா என்றேன்.

ஆன்டெனா எந்தத் திசையில் எவ்வளவு வாங்குகிறது என்று பார்ப்பது நமக்குப் புதிதா என்ன? எண்பதுகளில் ரூபவாகினிக்காக மாடியேறி, "தெரியுதா? இப்போ தெரியுதா?" என்று கத்தியவர்கள்தானே நாம்! அதையே டிகிரி கணக்கில் செய்தால் கதிர்வீச்சு வடிவம்.

அறுவடை முடிந்த வயலில் 30 மீட்டர் தள்ளி என் கைக்கருவியை மிகக் குறைந்த சக்தியில் வைத்தோம் (அமெச்சூர் உரிமம் இருக்கிறது, பயப்படாதீர்கள்). இந்தப் பக்கம் பிள்ளைகளின் ஆன்டெனா, யுஎஸ்பி டாங்கிள், லேப்டாப். கீழே 10 டிகிரிக்கு ஒரு கோடு போட்ட ஒட்டுப்பலகை வட்டம். 36 அளவுகள். டாங்கிளில் தானியங்கி கெயினை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் சிக்னல் குறையும்போது அதுவே ஏற்றிக் கொடுத்து நம்மை ஏமாற்றும். திருப்பியவர் விலகி நின்ற பிறகே எண்ணைக் குறிக்க வேண்டும். நம் உடம்பும் அலையைக் கலைக்கும்.

முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் 9 டெசிபல்தான் குறைவு. பிள்ளைகள் அமைதியாகிவிட்டார்கள். அப்போதுதான் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், முதுகைக் காட்டும்போது அது அந்தத் தகரக் கொட்டகையைத்தானே பார்க்குது?"

அதேதான். கொட்டகையில் பட்டுத் திரும்பிய அலையை ஆன்டெனா தன் முகத்தாலேயே வாங்கியிருக்கிறது. எல்லாவற்றையும் தூக்கி, கொட்டகை பக்கவாட்டில் தூரமாக வரும்படி மாற்றி வைத்து மறுபடியும் 36 அளவுகள். இப்போது பின்பக்கம் 15 டெசிபல் குறைவு. அதாவது முன்பக்கச் சக்தியில் ஏறத்தாழ 32-இல் ஒரு பங்கு. கையால் செய்த ஐந்து கம்பி யாகிக்கு நல்ல மதிப்பெண்.

முதல் வரைபடத்தையும் கிழிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டும் வகுப்புச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றன.

அடுத்து கம்பிகளைச் செங்குத்தாக நிறுத்தி அளக்கப்போகிறார்கள். அதற்கு உயரமான மர முக்காலி வேண்டும், இரும்பு ஆகாது. யாரிடமாவது பழைய சர்வே முக்காலி இருந்தால் கமென்டில் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.