நொட்டாங்கைக்காரி சுட்ட ஐந்து தோட்டா

திருவேங்கடத்திலிருந்து கல்லூரிக்குப் போய்வரும் அந்தப் பெண்ணுக்கு, என்சிசி கேம்ப்பில் முதல் நாள் துப்பாக்கிச் சுடுதல் முடிந்ததும் அழுகை வந்துவிட்டது. ஐந்து தோட்டாவில் இரண்டு, ஓரடிக்கு ஓரடி இருந்த காகிதத்திலேயே படவில்லை. மிச்சம் மூன்றும் மூன்று மூலையில்.

தூரம் ஒன்றும் பெரிதில்லை, 25 கெஜம்தான். கொடுத்த துப்பாக்கி .22 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். மேற்கு வங்கம் இஷாப்பூர் தொழிற்சாலைத் தயாரிப்பு. 1948ல் என்சிசி தொடங்கியதிலிருந்து எத்தனையோ லட்சம் பிள்ளைகள் முதன்முதலாகச் சுட்டது .22 ரைஃபிளில்தான். ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டின் கைப்பிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்தால் காலிக் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறும். கீழே அமர்த்தினால் பூட்டு. அதிர்வும் பயப்படும் அளவுக்குக் கிடையாது. அப்புறம் ஏன் இப்படிச் சிதறியது?

"கண்ணாடி போடணுமோ?" என்றாள் தோழி. அதுதான் அவள் பயமும். 'சி' சர்டிபிகேட் வாங்கி போலீஸ் தேர்வு எழுத வேண்டும் என்பது பத்தாம் வகுப்பிலிருந்தே உள்ள கனவு. கண்ணில் கோளாறு என்று எழுதிவிட்டால்?

ஊருக்கு வந்ததும் மாமாவிடம் மட்டும் சொன்னாள். அம்மாவின் தம்பி. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது ஒரு வங்கியில் காவல் வேலை. அவர் எதுவும் பேசாமல், "ரெண்டு கையையும் நீட்டி, நடுவுல சின்ன ஓட்டை வச்சு, அந்தா தெரியுதே வேப்பமரத்துல காக்கா, அதப் பாரு தாயி" என்றார். பார்த்தாள். "எடது கண்ண மூடு." காக்கையைக் காணோம். "வலது கண்ண மூடு." காக்கை இருந்தது.

மாமா சிரித்துவிட்டார். "கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஒனக்கு மூத்த கண்ணு எடது. நீ வலது கண்ணால குறிபாத்தா எப்படிப் படும்?"

கை மாதிரியே கண்ணிலும் ஒன்று முந்திக்கொள்ளும். மூன்றில் இரண்டு பேருக்கு வலது கண். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு இடது. அவளுக்குக் கையும் இடதுதான், பிறவியிலேயே. "நொட்டாங்கையால சோத்தத் தொடாத" என்று அம்மா புறங்கையில் போட்டுப் போட்டே, எழுத்தும் சாப்பாடும் வலது கைக்கு மாறியிருந்தன. தீப்பெட்டி ஒட்டும்போது மட்டும் யாரும் பார்க்காவிட்டால் இடது கை தானாக முந்தும். கண்ணை யார் அடித்து மாற்ற முடியும்?

ஆனால் சிக்கல் ஒன்று உண்டு. போல்ட் கைப்பிடி இருப்பது வலது பக்கம். ஒலிம்பிக் வீரர்களுக்கு இந்தக் கவலையில்லை. 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைஃபிள் போட்டிக்கு, இடது கைக்காரர்களுக்கென்றே போல்ட்டை மாற்றி வைத்துத் தயாரிக்கிறார்கள். (அந்தப் போட்டியில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகம் அளவு!) கேம்ப்பில் அதற்கெல்லாம் எங்கே போவது?

"எங்க எஸ்எல்ஆர் துப்பாக்கின்னா காலிக்கூடு தானா வலது பக்கம் தெறிக்கும். எடது தோள்ல வச்சா மூஞ்சிக்கு முன்னால சூடாப் பறக்கும். இது நீ இழுத்தாத்தான விழும்? பயப்படாத" என்றார் மாமா. துப்பாக்கிக்குப் பதில் குடைக்கம்பு. திண்ணையில் கோணி விரித்துக் குப்புறப் படுத்து, கட்டையை இடது தோளில் அழுத்தி, இடது கையைப் பிடியிலேயே விட்டுவிட்டு, முன்னால் தாங்கும் வலது கையை எடுத்துப் போல்ட் இழுப்பதுபோல் பழகினாள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்து, விரலை வெடுக்கென்று இழுக்காதே, அழுத்திக்கொண்டே இரு. ஒரு மாதம் இதே பாடம். தெருப்பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள்.

அடுத்த முறை சுடும்போது பயிற்சியாளரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "லெஃப்ட்டியா? மொதல்லயே சொல்றதுக்கென்ன? கடைசி இடத்துல போய்ப் படு" என்றார் அவர், அவ்வளவுதான். ஒரு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு ஒரு மாதம் தூக்கம் போயிருந்தது. பேக்சைட் பள்ளத்துக்குள் ஃபோர்சைட் முனை இவ்வளவு தெளிவாக உட்காரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் வலது கையை எடுத்துத் திரும்ப வைத்ததில், மற்றவர்கள் எழுந்த பிறகும் அவள் ஒருத்திதான் படுத்துக் கிடந்தாள்.

சுட்ட காகிதத்தைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அம்மா அதை விரித்து, துளைகளைத் தடவிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் கிடந்த தீப்பெட்டி ஒன்றை எடுத்து மேலே வைத்தாள். நான்கு துளை பெட்டிக்கு அடியில் மறைந்தன. ஒன்று மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது.

"இது எந்தக் கையால சுட்டது?" என்றாள் அம்மா.

"எல்லாமே நொட்டாங்கைதாம்மா."

அம்மா பெட்டியைக் கொஞ்சம் சாய்த்து வைத்துப் பார்த்தாள். அப்படியும் அந்த ஐந்தாவது அடங்கவில்லை.